உலகத் தோற்றமும் உத்தரமேரூர் விமானமும்

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்தரமேரூரில் எழுந்தருளியுள்ள சுந்தர வரதராஜப் பெருமாள் திருக்கோயில், 8-ஆம் நூற்றாண்டில் நந்திவர்ம பல்லவமல்லன் காலத்தில் எழுந்தது என்பர். மூன்று நிலைகளையுடைய அதன் அட்டாங்க விமானத்தில், கீழ்நிலையில் நின்ற திருக்கோலத்தையும், நடுநிலையில் வீற்றிருந்த திருக்கோலத்தையும், மேல்நிலையில் அனந்தன்மீது கிடந்த திருக்கோலத்தையும் அன்பர்கள் சேவிக்கலாம். படியேறிச் செல்வோர் நிறைவாகக் காணும் அக்கிடந்த திருக்கோலமே, உலகம் எவ்வாறு தோன்றிற்று என்னும் வினாவுக்கு வைணவம் தரும் விடையின் வடிவமாகும். பிரளயத்தில் அனைத்தையும் தன்னுள் ஒடுக்கிய எம்பெருமான், அறிதுயில் அமர்ந்து, பின்னர் உந்தித் தாமரையில் நான்முகனைத் தோற்றுவித்துப் படைப்பைத் தொடங்குகிறான் என்பது புராண மரபு.

இல்லாததிலிருந்து அன்று

இவ்விடையில் கருதத்தக்க நுட்பம் ஒன்று உண்டு. உலகம் வெறும் இன்மையிலிருந்து தோன்றியதாக விசிட்டாத்துவைதம் கூறுவதில்லை. சித்தும் அசித்தும் எம்பெருமானுக்கு உடல். அவை பெயரும் உருவும் பெறாது நுண்ணிலையில் ஒடுங்கியிருப்பது பிரளயம். பெயரும் உருவும் பெற்று விரிந்து பருநிலை எய்துவது படைப்பு. இதனையே ஸ்ரீ ராமாநுஜர் காரண நிலை, காரிய நிலை என விளக்கியருளினார். மூலப்பிரகிருதியினின்று மகானும், அதனின்று அகங்காரமும், பின்னர் ஐம்பூதங்களும் முறையே தோன்றுவன என்பர் பெரியோர்.

தமிழிலும் இச்சிந்தனை தொன்மையானது. பரிபாடலில் கீரந்தையார் திருமாலைப் பாடிய பாடல், முதலில் விசும்பும், பின்னர்க் காற்றும், தீயும், நீரும், நிலமும் ஊழிதோறும் அடைவே தோன்றியதைக் கூறுகிறது. தீயின் ஊழிக்குப் பின்னர் மழை பொழிந்து குளிர்ந்த ஊழி வந்ததென்பதும், ஊழிகளின் நெடுமையை உணர்த்த நெய்தல், குவளை, ஆம்பல் முதலிய பேரெண்கள் ஆளப்படுவதும் அப்பாடலின் சிறப்புகளாம்.

அறிவியல் கண்ட விரிவு

இனி, அறிவியலார் கூற்றைக் காண்போம். பெல்ஜியம் நாட்டுக் கிறித்தவக் குருவும் கணித அறிஞருமாகிய லெமேத்தர், 1927-இல் பேரண்டம் விரிந்து வருகிறது என எழுதினார். தொலைவிலுள்ள விண்மீன் மண்டலங்கள் தத்தம் தொலைவுக்கேற்ற வேகத்துடன் விலகிச் செல்வதை 1929-இல் அமெரிக்க வானியலார் ஹப்பிள் வெளியிட்டார். விரிவைப் பின்னோக்கிக் கணக்கிட்டால், அனைத்தும் மிக நெருங்கி மிக வெம்மையுற்றிருந்த ஒரு நிலையை அடையவேண்டும். அவ்வெம்மை தணிந்து எஞ்சிய கதிர்வீச்சு விண்ணெங்கும் பரவியிருப்பதை 1965-இல் பென்சியாஸ், வில்சன் என்னும் இருவர் அறிவித்தனர். இன்றைய கணக்கின்படி அவ்விரிவு தொடங்கி ஏறத்தாழ 1380 கோடி ஆண்டுகள் ஆகின்றன. முதல் அணுக்கள் அமைய ஏறத்தாழ 3,80,000 ஆண்டுகள் சென்றன. நம் உடலிலுள்ள கரியும் இரும்பும் பிற்காலத்தே விண்மீன்களுள் உருவானவை.

அறிவியலும் முழு இன்மையிலிருந்து உலகம் தோன்றிற்று என நிறுவிவிடவில்லை. வெம்மையும் செறிவும் மிக்க தொடக்கநிலை வரையில் அது கணக்குடன் செல்கிறது. அதற்கும் முன்னே யாதென்பது இன்னும் ஆராய்ச்சிக்குரியதே.

ஒப்புமையில் வேண்டும் எச்சரிக்கை

பள்ளியில் ஒன்றும் திருக்கோயிலில் மற்றொன்றும் கேட்கும் மாணவன், "இவற்றுள் எது உண்மை?" என வினவுவான். அவனுக்கு விரைந்து விடை கூறும் ஆர்வத்தில், "இவையெல்லாம் நம் முன்னோர் முன்பே கண்டவை" எனச் சிலர் கூறிவிடுகின்றனர். நான்முகனின் ஒரு பகல் 432 கோடி ஆண்டு. பூமியின் அகவை ஏறத்தாழ 454 கோடி ஆண்டு. எண்கள் நெருங்கியிருப்பதே சான்று என்பர். ஆயின் முன்னது, 43,20,000 ஆண்டு கொண்ட சதுர்யுகம் ஆயிரம் சேர்ந்த கால அளவு. மீண்டும் மீண்டும் வருவது. பின்னது, விண்கற்களில் யுரேனியம் ஈயமாக மாறிய அளவைக் கொண்டு கணித்தது. வழிகள் வேறாயிருக்க, எண்ணின் அண்மை ஒன்றே சான்றாகாது. நாளை அறிவியல் தன் எண்ணைத் திருத்தினால், அதன்மேல் சார்த்திய நம்பிக்கையும் தளர நேரும். தத்துவத்தைத் தாங்க அத்தகைய ஊன்றுகோல் வேண்டுவதில்லை.

இதற்கு லெமேத்தரே நல்ல சான்று. 1951-இல் போப்பாண்டவர் பன்னிரண்டாம் பயஸ், பேரண்டத் தொடக்கக் கொள்கை தம் சமயத்தின் படைப்புக் கொள்கைக்கு அரண் செய்வதாகப் பேசியபோது, சமய குருவாகிய லெமேத்தர் அதனை விரும்பவில்லை. தம் கொள்கை சமய வினாக்களுக்குப் புறம்பானது என்பதே அவர் நிலை.

கணக்குக் காட்டும் மரபு

உத்தரமேரூருக்கு இந்நெறி புதிதன்று. முதற் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் இவ்வூர்ச் சபையார் குடவோலைத் தேர்தலுக்கு வகுத்த விதிகள் வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவர்களில் இன்றும் உள்ளன. வாரியத்துக்கு வருவோர் வேதம் கற்றதோடு, பிறர்க்கு ஓதுவிக்கவும் வல்லவராதல் வேண்டும். முன்னர் வாரியஞ்செய்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் வருதல் கூடாது. கல்வி பெரிதாயினும் கணக்கும் காட்டவேண்டும் என்பதே அச்சபையின் துணிபு.

உலகத் தோற்றம் பற்றிய ஆராய்ச்சிக்கும் இதுவே தக்க நெறியாம். எம்முறையில், எக்காலத்தில் உலகம் விரிந்தது என்பதற்கு அறிவியல் தன் கருவிகளைக் கொண்டு கணக்குக் காட்டட்டும். எதனுள் இருந்து விரிந்தது, யாரைத் தாங்குகோலாகக் கொண்டு நிற்கிறது, உயிர் அதனுள் எப்பயனை நாடவேண்டும் என்பனவற்றுக்குத் தரிசனம் பிரமாணங்களைக் கொண்டு விடை கூறட்டும். ஒன்றின் கணக்கை மற்றொன்றின் ஏட்டில் எழுதாதிருந்தால், வினவும் மாணவன் இரண்டையும் இழக்கவேண்டியதில்லை. விண்ணியல் நூலைக் கற்ற கண்ணோடே அவன் மேல்நிலைக்கு ஏறி, அனைத்தையும் உள்ளடக்கி அறிதுயில் கொண்ட பெருமானைச் சேவிக்கலாம்.