ஒரே மூல நிரல், வேறு வேறு வயல்: விம் எடிட்டரை உங்கள் யூனிக்ஸுக்கு ஏற்பக் கம்பைல் செய்வது

கும்பகோணத்துப் பக்கம் எந்த நெல் ரகம் போடுவது என்பதை ஊர்ப் பெயர் முடிவு செய்வதில்லை. மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறந்தால் குறுவைக்கு 110 நாளில் அறுவடைக்கு வரும் ஆடுதுறை 43. சம்பாவுக்கு 150 நாளையும் தாண்டி நிற்கும் சி.ஆர். 1009. அதிலும் ஒரே கிராமத்தில் வாய்க்கால் தலைப்பில் இருக்கும் வயலுக்கு ஒரு கணக்கு, கடைமடை வயலுக்கு வேறு கணக்கு. தண்ணீர் என்றைக்கு வந்து சேரும், எத்தனை நாள் கிடைக்கும், மழை பெய்தால் எப்படி வடியும் என்று பார்த்துத்தான் விதை எடுக்கிறார்கள். ஒரு எடிட்டரை மூல நிரலிலிருந்து கம்பைல் செய்ய உட்காருகிறவரும் இதைத்தான் செய்ய வேண்டும். "இது லினக்ஸா, மேக்கா, ஃப்ரீபிஎஸ்டியா" என்ற கேள்வியால் அதிகம் பயனில்லை. "இந்தக் கணினியில் என்ன இருக்கிறது, என்ன இல்லை" என்பதே பதில் தரும் கேள்வி. கான்ஃபிகர் என்ற நிரல் அந்தக் கேள்வியைத்தான் நமக்காக நூற்றுக்கணக்கான முறை கேட்கிறது. அது சொல்லும் பதிலைப் படிக்கத் தெரிந்தால் எந்த யூனிக்ஸிலும் வேலை முடிந்துவிடும்.

இதை எளிதாக நம்ப முடியாதவர்கள் எமாக்ஸ் என்ற இன்னொரு எடிட்டரின் பழைய மூல நிரலைப் பார்க்கலாம். அதில் இயங்குதளத்துக்கு ஒரு கோப்பு, இயந்திர வகைக்கு ஒரு கோப்பு என்று இரண்டு கோப்புறைகள் நிறைய பெயர்வாரியான குறிப்புகள் இருந்தன. பெயர் தெரிந்த சிஸ்டத்துக்கு அது போதும். ஆனால் புதிதாக ஒரு யூனிக்ஸ் வந்தால் அதற்குக் கோப்பு இருக்காது. பழைய சிஸ்டத்தின் அடுத்த பதிப்பு வந்தால் கோப்பில் எழுதியிருப்பது பொய்யாகிவிடும். கான்ஃபிகர் நிரலை உருவாக்கித் தரும் ஆட்டோகான்ஃபை 1991-இல் டேவிட் மெக்கன்ஸி தொடங்கிய பிறகு, பெயரைப் பார்ப்பதை விட்டு ஒரு சிறிய நிரலைக் கம்பைல் செய்து பார்த்துத் தெரிந்துகொள்ளும் வழக்கம் பரவியது. எமாக்ஸும் அந்த இரண்டு கோப்புறைகளைப் படிப்படியாகக் கழித்துக் கட்டியது. இன்றைக்கும் "லினக்ஸ்" என்ற ஒரே பெயருக்குள் க்ளிப்சி நூலகம் கொண்ட டெபியனும், மஸ்ல் நூலகம் கொண்ட ஆல்பைனும் இருக்கின்றன. பெயர் ஒன்று, நடத்தை வேறு.

டெபியனிலோ உபுண்டுவிலோ ஒரே கட்டளையில் விம் நிறுவிக்கொள்ள முடியும்போது இவ்வளவு சிரமம் எதற்கு என்ற கேள்வி நியாயமானது. நிறையப் பேருக்கு அந்த ஒரு கட்டளையே போதும். அவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் தமிழ்நாட்டு மாணவர்களின் கைக்கு எப்படிப்பட்ட கணினி வந்து சேர்கிறது என்று பாருங்கள். 2011-இல் தொடங்கிய அரசு மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு, டெபியனை அடிப்படையாகக் கொண்டு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. பழைய பாஸில் இருக்கும் எடிட்டரும் பழையதுதான். டெபியன் வகைகள் பலவற்றில் முதலில் கிடைப்பது விம்-டைனி என்ற மெலிந்த வடிவம். நிரல் வரிகளுக்கு நிறம்கூட அதில் வராது. கல்லூரி ஆய்வகக் கணினியில் ரூட் அனுமதி கிடைக்காது. இந்த மூன்றில் ஒன்று உங்களுக்குப் பொருந்தினாலும் மூல நிரல் கைகொடுக்கும்.

முதல் வேலை நிரலை இறக்குவது. கிட்ஹப்பில் விம் களஞ்சியம் இருக்கிறது. கிட் க்ளோன் செய்யும்போது டெப்த் 1 என்று கொடுத்தால் பழைய வரலாறு முழுவதும் இறங்காது, கைபேசி டேட்டா மிச்சமாகும். அடுத்து கம்பைலரும், மேக் (make) என்ற கட்டளையும் இருக்கின்றனவா என்று பாருங்கள். டெபியன், உபுண்டு, பாஸ் மூன்றிலும் பில்ட்-எசென்ஷியல் தொகுப்பு இரண்டையும் தரும். ஆப்பிள் மேக் கணினியில் எக்ஸ்கோடின் கட்டளைவரிக் கருவிகளை நிறுவினால் போதும். ஃப்ரீபிஎஸ்டியில் க்ளாங் கம்பைலர் ஏற்கெனவே இருக்கும். விம்மின் மேக்ஃபைல் பிஎஸ்டி மேக்கிலும் ஓடும்படி எழுதப்பட்டது. எமாக்ஸைக் கம்பைல் செய்கிறவர்கள் மட்டும் அங்கே ஜிமேக் என்ற ஜிஎன்யூ மேக்கை நிறுவிக்கொள்ள வேண்டும்.

முதல் தடை பெரும்பாலும் டெர்மினல் நூலகத்தில்தான் வரும். டீகெட்என்ட் என்ற ஒரு ஃபங்ஷனைத் தேடி விம்மின் கான்ஃபிகர் டின்ஃபோ, என்கர்ஸஸ், டெர்ம்லிப், டெர்ம்கேப், கர்ஸஸ் என்று வரிசையாக ஒவ்வொரு நூலகத்தையும் தட்டிப் பார்க்கும். எதிலும் கிடைக்காவிட்டால் அங்கேயே நின்றுவிடும். நூலகம் ஓடும் வடிவில் கணினியில் இருந்தாலும் கம்பைல் செய்யத் தேவையான ஹெடர் கோப்புகள் தனித் தொகுப்பில் இருப்பதே இதற்கு வழக்கமான காரணம். டெபியன் வகையில் அந்தத் தொகுப்பின் பெயர் லிப்என்கர்ஸஸ்-டெவ். ஃபெடோராவிலும் ஓப்பன்சூசேயிலும் என்கர்ஸஸ்-டெவல். ரூட் இல்லாதவர்கள் என்கர்ஸஸின் மூல நிரலையே இறக்கி, தங்கள் ஹோம் கோப்புறைக்குள் ஓர் இடத்தில் நிறுவிவிட்டு, சிபிபிஃப்ளாக்ஸ், எல்டிஃப்ளாக்ஸ் என்ற இரண்டு மாறிகளில் அந்த இடத்தைச் சொல்லி கான்ஃபிகரை ஓட்டலாம். அரை மணி நேரம் கூடுதலாகும், அவ்வளவுதான்.

இப்போது விம் கோப்புறைக்குள் போய், புள்ளி, சாய்கோடு, கான்ஃபிகர் என்று அடித்து, பின்னால் தெரிவுகளைச் சேர்க்க வேண்டும். மூன்று தெரிவுகள் முக்கியம். பிரிஃபிக்ஸ் தெரிவு எங்கே நிறுவ வேண்டும் என்று சொல்லும். ரூட் இல்லாதவர் ஹோமுக்குள் லோக்கல் என்ற கோப்புறையைக் கொடுக்கலாம். இந்த முகவரி எடிட்டருக்குள்ளேயே பதிந்துவிடும் என்பதால், பிறகு அந்தக் கோப்புறையை வேறிடத்துக்கு நகர்த்தினால் விம் தன் துணைக்கோப்புகளைத் தேடித் தவிக்கும். வித்-ஃபீச்சர்ஸ் தெரிவுக்கு ஹியூஜ் என்று கொடுங்கள்; டைனியும் நார்மலும் இருந்தாலும் இன்றைய வட்டுக்கு ஹியூஜ் ஒரு சுமையே அல்ல. மூன்றாவது, பலரும் அறியாத எனேபிள்-ஃபெயில்-இஃப்-மிஸ்ஸிங். நீங்கள் பைத்தான் இணைப்பைக் கேட்டு, அதன் ஹெடர் கோப்புகள் இல்லாவிட்டால், கான்ஃபிகர் வழக்கமாகச் சத்தமில்லாமல் அதை விட்டுவிட்டு மேலே போய்விடும். இந்தத் தெரிவு இருந்தால் அங்கேயே நின்று சொல்லும்.

சத்தமில்லாமல் விட்டுப்போவதுதான் இந்த வேலையிலேயே ஆபத்தானது. பிழை வந்து நின்றால் காரணம் தேடுகிறோம். நிற்காமல் முடிந்தால் எல்லாம் சரி என்று நம்பிவிடுகிறோம். உலாவியிலிருந்து ஒரு தமிழ்ப் பத்தியை எடுத்து எடிட்டரில் ஒட்ட க்ளிப்போர்டு வசதி வேண்டும். லினக்ஸில் அதற்கு எக்ஸ் என்ற சாளர அமைப்பின் நூலகங்களுக்கான டெவ் தொகுப்புகள், குறிப்பாக லிப்எக்ஸ்டி-டெவ், தேவை. இல்லாவிட்டாலும் கான்ஃபிகர் பிழை எதுவும் காட்டாது. ஆப்பிள் மேக் கணினியில் அதே வசதி எக்ஸ் இல்லாமலே வந்துவிடும். ஆகவே திரையில் ஓடும் வரிகளில் "நோ" என்று முடிபவற்றை நிதானமாகப் படியுங்கள். சந்தேகம் வந்தால் எஸ்ஆர்சி கோப்புறையில் ஆட்டோ என்ற கோப்புறைக்குள் இருக்கும் கான்ஃபிக்.லாக் கோப்பைத் திறந்து பாருங்கள். எந்தச் சோதனை நிரல் எந்தப் பிழையோடு விழுந்தது என்பது அதில் அப்படியே இருக்கும்.

குறையைக் கண்டுபிடித்து நூலகத்தை நிறுவிய பிறகு கான்ஃபிகரை மறுபடி ஓட்டியும் பழைய பதிலே வரலாம். கேட்டறிந்த பதில்களை கான்ஃபிக்.கேஷ் என்ற கோப்பில் அது சேமித்து வைத்திருப்பதுதான் காரணம். மேக் ரீகான்ஃபிக் கொடுத்தால் பழையதைத் துடைத்துவிட்டுப் புதிதாகக் கேட்கும். பாஸ் மடிக்கணினியில் கம்பைல் செய்த கோப்புறையைப் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு போய் ஃப்ரீபிஎஸ்டி கணினியில் வைத்து ஓட்டுவதும் இதே தவறுதான்: ஒரு வயலின் ஈரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு இன்னொரு வயலில் நாற்று நடுவதற்குச் சமம். ஒரே மூல நிரலைப் பல சிஸ்டங்களுக்குப் பயன்படுத்த விம்மில் மேக் ஷேடோ என்ற நல்ல ஏற்பாடு இருக்கிறது. மூலக் கோப்புகளுக்கு இணைப்புகள் மட்டும் கொண்ட தனிக் கோப்புறையை அது உருவாக்கும். சிஸ்டத்துக்கு ஒன்று வைத்துக்கொண்டால் ஒன்றின் பதில் மற்றதில் கலக்காது.

ஆப்பிள் மேக் கணினி வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. விம்மின் கான்ஃபிகர் கூடுதல் நூலகங்களை யூஎஸ்ஆர் லோக்கல் கோப்புறையில் தானாகத் தேடும். ஃப்ரீபிஎஸ்டியில் அது சரியான இடம். பழைய இன்டெல் மேக்கில் ஹோம்ப்ரூவும் அங்கேதான் நிறுவும். ஆப்பிளின் சொந்தச் சிப் உள்ள மேக்கில் ஹோம்ப்ரூ ஓப்ட் கோப்புறைக்குப் போய்விட்டது. இரண்டுக்கும் பெயர் மேக்தான். வித்-லோக்கல்-டிர் தெரிவில் புது இடத்தைச் சொன்னால் தீரும்.

ஆட்டோகான்ஃப் பழையது, மெதுவானது, செத்துப்போன சிஸ்டங்களுக்கெல்லாம் இன்னும் சோதனை வைத்திருக்கிறது என்று குறை சொல்கிறவர்கள் உண்டு. குறை உண்மைதான். 2014-இல் விம்மிலிருந்து பிரிந்த நியோவிம் பழைய சிஸ்டங்களை விட்டுவிட்டு சிமேக் என்ற வேறு கருவிக்கு மாறியது. இயங்குதள வேறுபாடுகளில் பெரும் பகுதியை லிப்யூவி என்ற நூலகத்திடம் ஒப்படைத்தது. நிரல் சுத்தமாயிற்று. ஆனால் சிமேக்கும் நூலகம் இருக்கிறதா, ஹெடர் இருக்கிறதா என்று கேட்டுத்தான் வேலை செய்கிறது. அதோடு, விம் கான்ஃபிகரை ஓட்ட ஒரு ஷெல்லும் கம்பைலரும் போதும். பத்து வருடப் பழைய மடிக்கணினியில் சிமேக்கின் புதிய பதிப்பை முதலில் ஏற்றுவதே தனி வேலையாகிவிடும்.

கான்ஃபிகர் முடிந்ததும் மேக், பிறகு மேக் டெஸ்ட், கடைசியில் மேக் இன்ஸ்டால். விம்மை வெர்ஷன் தெரிவோடு ஓட்டினால் வசதிகளின் பட்டியல் வரும். கூட்டல் குறி இருந்தால் உள்ளது, கழித்தல் குறி இருந்தால் இல்லை. அடுத்து தமிழைச் சோதியுங்கள். 2019 ஜனவரிக்கு முன் பல பைட்டு எழுத்து ஆதரவே விம்மில் விலக்கக்கூடிய ஒரு தெரிவாக இருந்தது. அதன் பிறகு எப்போதும் உண்டு. "கும்பகோணம்" என்ற சொல்லில் நம் கண்ணுக்கு 6 எழுத்து, யூனிகோடுக்கு 10 குறியீடு, யூடிஎஃப்-8-இல் 30 பைட். விம்முக்குள் பைட்டை எண்ணும் எஸ்டிஆர்லென் ஃபங்ஷன் 30 என்றும், குறியீட்டை எண்ணும் எஸ்டிஆர்கேர்ஸ் 10 என்றும் சொன்னால் சரி. இரண்டும் 30 என்று வந்தால் கம்பைலைக் குறை சொல்லாதீர்கள். லாங் என்ற சூழல் மாறி வெறும் சி என்று இருக்கிறதா என்று பாருங்கள். அதில் யூடிஎஃப்-8 லொகேலை வைத்தால் சரியாகும். எண்ணிக்கை சரியாக இருந்தும் கர்சர் எழுத்தைவிட்டுத் தள்ளி நின்றால், ா, ே போன்ற குறிகளின் அகலத்தை டெர்மினலும் எடிட்டரும் வேறு வேறாகக் கணக்கிடுகின்றன என்று பொருள். எந்தக் கான்ஃபிகர் தெரிவாலும் அது போகாது. தமிழே முழுநேர வேலை என்றால் 27-ஆம் பதிப்பு முதல், எழுத்துகளை வடிவமைக்கும் ஹார்ஃப்பஸ் நூலகத்தைப் பயன்படுத்தும் எமாக்ஸின் சாளர வடிவம் நல்லது. அதன் கான்ஃபிகர் முடிவில் காட்டும் சுருக்கத்தில் ஹார்ஃப்பஸுக்கு நேரே "யெஸ்" இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மேக் கொடுங்கள்.

கடைசியாக, பராமரிப்பு. பாதுகாப்புக் குறை வெளியானால் டெபியன் தன் தொகுப்பைத் திருத்தி அனுப்பும். உங்கள் ஹோம் கோப்புறையில் இருக்கும் விம்முக்கு யாரும் எதுவும் அனுப்பமாட்டார்கள். கொடுத்த கான்ஃபிகர் வரியை முழுசாக ஒரு கோப்பில் எழுதி மூல நிரலுக்குப் பக்கத்திலேயே வையுங்கள். மாதம் ஒருமுறை கிட் புல், மேக் டிஸ்ட்க்ளீன், சேமித்த அதே வரி, மேக், மேக் இன்ஸ்டால் என்று வரிசையாக ஓட்டுங்கள்.