மென்பொருள் நிறுவுங்கால் நேரும் பிழைகளும் அவற்றை ஆராயும் முறையும்

தோற்றுவாய்

மருத்துவனொருவன் நோயாளியைக் கண்டவுடன் கைக்கு அகப்பட்ட மருந்துகளையெல்லாம் ஊட்டுவானாயின், நோயாளி பிழைப்பினும் அஃது அவன் திறமையாற் பிழைத்ததாகாது. முதற்கண் நோய் இன்னதென்று தெளிதல் வேண்டும்; பின்னர் அதன் காரணத்தைத் தேர்தல் வேண்டும்; அதன் பின்னரே மருந்து கொடுத்தல் வேண்டும். இம்முறையைத் திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் வகுத்துக் காட்டியுள்ளமை மாணவர் அறிந்ததே. இன்று பல இல்லங்களிலும் இடம்பெற்றுள்ள கணிப்பொறிக்கும் இம்முறை முற்றும் பொருந்துவதாகும்.

ஆயினும், புதிய மென்பொருளொன்றை நிறுவ முயலுங்கால் அது பிழையென்று கூறி இடையில் நின்றுவிடின், நம்முட் பலர் செய்வது யாது? செய்தியைப் படியாமலே மூடிவிடுகின்றோம். மீண்டும் மீண்டும் அதே பொத்தானை அழுத்துகின்றோம். நண்பர் கூறியது ஒன்று, எங்கோ படித்தது ஒன்று எனப் பல மாற்றங்களை ஒருங்கே செய்கின்றோம். கணிப்பொறி சீரடையினும் எதனாற் சீரடைந்தது என்பது விளங்குவதில்லை. சீரடையாவிடினோ, முதற்பிழையோடு நாமே புகுத்திய பிழைகளும் சேர்ந்து நிற்கின்றன. ஆதலின் விண்டோஸ் இயங்கும் வீட்டுக் கணிப்பொறியை எடுத்துக்காட்டாகக் கொண்டு, இத்தகைய பிழைகளை ஆராயும் முறையினை ஈண்டுச் சுருக்கமாக எடுத்துரைப்பாம்.

ஒரு நிகழ்ச்சி

யாம் அறிந்த மாணவர் ஒருவர், தம் இறுதியாண்டு ஆய்வேட்டிற்குத் தேவையான மென்பொருளொன்றை விடுமுறையில் வீட்டுக் கணிப்பொறியில் நிறுவ முற்பட்டார். பாதி வழியில் சிறு சாளரமொன்று தோன்றி, ஆங்கிலத்தில் ஒரு வரியையும் 80070070 என முடியும் எண்ணொன்றையும் காட்டி நின்றது. அவர் அதனைப் படியாது மூடினார். வைரஸ் தடுப்பு மென்பொருளை நிறுத்திப் பார்த்தார், பயனில்லை. வேறோரிடத்திலிருந்து மற்றொரு படியை இறக்கிப் பார்த்தார், அதுவும் பயன்படவில்லை. மூன்றாம் நாள் இரவு, கணிப்பொறியே பழுதுபட்டதெனத் துணிந்து, வன்தட்டு முழுவதையும் அழித்து விண்டோஸைப் புதிதாக இட்டார். மென்பொருள் தடையின்றி நிறுவப்பெற்றது. ஆனால் ஆய்வேட்டின் இரண்டு இயல்களும், குடும்பத்தார் பல்லாண்டு சேர்த்துவைத்த நிழற்படங்களும் அத்தட்டோடு அழிந்தொழிந்தன. அவற்றிற்கு வேறு படி எங்கும் இல்லை.

அவ்வெண்ணும் அவ்வரியும் முதல் நாளே கூறியது, ‘தட்டில் இடமில்லை’ என்பதேயாம். அவருடைய வன்தட்டு சி எனவும் டி எனவும் இரு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. டி பகுதியில் இடம் மிகுதியாக இருந்தது. மென்பொருளையும் அவர் அங்கேயே நிறுவுமாறு குறித்திருந்தார். ஆதலின் இடக்குறைவு என்னும் எண்ணமே அவருக்குத் தோன்றவில்லை. நிறுவி தன் பொதியினை முதலில் அவிழ்ப்பதோ, வழக்கமாகச் சி பகுதியிலுள்ள டெம்ப் என்னும் தற்காலிகக் கோப்புறையில். அப்பகுதி நிரம்பியிருந்தது. வேண்டாத கோப்புகளை நீக்கச் சிறிது பொழுதே போதுமாயிருந்தது.

நிறுவுதல் என்பது யாது?

பிழை எங்கே நேர்ந்தது என்பதை அறிய, நிறுவுதல் என்னும் தொழில் எவ்வாறு நடைபெறுகிறது என்பதை அறிதல் இன்றியமையாதது. அது கோப்பொன்றை ஓரிடத்தினின்று மற்றோரிடத்திற்குப் படியெடுத்தல் மாத்திரமன்று, ஐந்து படிகளையுடையது.

முதலாவது, பொதி தற்காலிகக் கோப்புறையில் அவிழ்க்கப்படுகிறது. இரண்டாவது, இயங்குதளத்தின் பதிப்பு, செயலியின் வகை, தட்டிலுள்ள இடம் ஆகியன சோதிக்கப்படுகின்றன. மூன்றாவது, கோப்புகள் தமக்குரிய கோப்புறைகளில் வைக்கப்படுகின்றன. நான்காவது, ரெஜிஸ்ட்ரி என்னும் விண்டோஸின் பதிவேட்டில் மென்பொருளைப் பற்றிய குறிப்புகள் எழுதப்படுகின்றன. ஐந்தாவது, பல மென்பொருள்களுக்கும் பொதுவான துணைக்கோப்புகள் முன்னரே உள்ளனவா என்று நோக்கி, இல்லாதன சேர்க்கப்படுகின்றன. இவ்வரிசை மென்பொருளுக்கு மென்பொருள் சிறிது மாறுபடுதலும் உண்டு. விண்டோஸ் இன்ஸ்டாலர் என்னும் அமைப்பு 1999ஆம் ஆண்டு ஆபீஸ் 2000 என்னும் மென்பொருட்டொகுதியோடு வழக்கிற்கு வந்தது. இவ்வமைப்பு, நிறுவுதல் இடையில் தவறுமாயின், அதுவரை செய்தவற்றையெல்லாம் திரும்பப் பெற்றுப் பழைய நிலைக்கே கொண்டுவர முயலும் இயல்பினது.

மணலின்மேல் வீடு கட்டியவனைப் பற்றிய உவமையை நம் கல்லூரி மாணவர்க்கு நினைவூட்டல் வேண்டா. அடித்தளம் ஏற்காவிடின் மேற்கட்டடம் நில்லாது. 64 பிட் விண்டோஸில் 32 பிட் மென்பொருள்கள் பெரும்பாலும் இயங்கும். 32 பிட் விண்டோஸிலோ 64 பிட் மென்பொருள் இயங்காது. மிகப் பழைய 16 பிட் மென்பொருள்கள் 64 பிட் விண்டோஸில் இயங்கா. 2021இல் வெளிவந்த விண்டோஸ் 11, 64 பிட் வடிவில் மட்டுமே உள்ளது. விண்டோஸ் 10க்கு மைக்ரோசாப்ட் அளித்துவந்த பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாள் முடிவுற்றமையால், புதிய மென்பொருள்கள் சில அதனை ஏலாமையும் நேரும். ஆதலின் நிறுவத் தொடங்குமுன் மென்பொருள் வேண்டுவன யாவை, நம் கணிப்பொறியில் உள்ளன யாவை என்று ஒப்புநோக்கல் முதற்கடமையாம்.

எண்கள் கூறும் பொருள்

பிழைச் செய்தியில் வரும் நீண்ட எண்ணைக் கண்டு அஞ்சுவோர் பலர். அது மந்திரமன்று, ஓர் அட்டவணையின் வரிசை எண்ணே. அதனைப் படிக்கும் முறை எளிது.

இவ்வெண்கள் பதினாறடிமான முறையில் எழுதப்பெறுவன. நாம் வழங்கும் முறையில் வலமிருந்து இடமாக ஒன்று, பத்து, நூறு என இடமதிப்புப் பெருகுதல்போல, இம்முறையில் 1, 16, 256 எனப் பெருகும். எட்டு இடங்களையுடைய பிழையெண் 8007 எனத் தொடங்குமாயின், முதலிலுள்ள 8 செயல் தவறியது என்பதையும், 7 பிழை விண்டோஸின் அடிப்படை அட்டவணையைச் சார்ந்தது என்பதையும் குறிக்கும். எஞ்சிய நான்கு இடங்களே நோயின் பெயரைக் கூறுவன.

மேற்கூறிய மாணவர் கண்ட 80070070 என்பதனை நோக்குக. இறுதி 0070 ஆகும். 7ஐ 16ஆற் பெருக்க 112 வரும். அட்டவணையில் 112 என்பது ‘தட்டில் இடமில்லை’ என்பதாம். அவ்வாறே 80070005 என்பதில் எஞ்சுவது 5. அதன் பொருள் ‘அனுமதி மறுக்கப்பட்டது’. 80070002 என்பது ‘கோப்பு காணப்படவில்லை’ எனப் பொருள்படும். 80070652 என்பதில் 6ஐ 256ஆற் பெருக்க 1536. 5ஐ 16ஆற் பெருக்க 80. அவற்றோடு 2 கூட்ட 1618. இது ‘வேறொரு நிறுவுதல் நடைபெறுகின்றது’ என்று அறிவிக்கும். விண்டோஸ் இன்ஸ்டாலர் ஒரு நேரத்தில் ஒரு நிறுவுதலையே நடத்துமாதலின், பின்னணியில் நிகழும் மற்றொன்று முடியுங்காறும் பொறுத்திருத்தலோ, ஒருமுறை கணிப்பொறியை மீளத் தொடங்குதலோ போதியதாகும்.

80070666 என்னும் எண்ணும் சிலகாற் தோன்றும். வெளிப்படுத்தின விசேஷத்தை நினைந்து எவரும் அஞ்சற்க. கணக்கிட்டால் அது 1638 ஆகும். ‘இம்மென்பொருளின் வேறொரு பதிப்பு முன்னரே உள்ளது’ என்பதே அதன் பொருள். உள்ளது புதிய பதிப்பாயின் மேலும் ஒன்றும் செய்ய வேண்டுவதில்லை.

இவையனைத்தினும் மாணவரை மிக அலைக்கழிப்பது 1603 என்னும் எண். நீண்ட வடிவில் இது 80070643 எனத் தோன்றும். நிறுவுதல் தவறிற்று என்பதை மட்டும் கூறுமேயன்றி, ஏன் தவறிற்று என்பதை இஃது உரையாது. காய்ச்சல் என்று கூறுதல் நோயின் காரணத்தைக் கூறுதலாகாமைபோல இதனையும் கொள்க. இந்நிலையில் நிறுவி எழுதிவைத்த குறிப்பேட்டைத் திறந்து நோக்கல் வேண்டும். லாக் எனப்படும் அக்கோப்பு பெரும்பாலும் டெம்ப் கோப்புறையிலேயே கிடைக்கும். கிடையாவிடின், குறிப்பேடு எழுதுமாறு பணித்து மீண்டும் நிறுவுதலும் கூடும். அதனுள் ‘ரிட்டர்ன் வால்யூ 3’ என்னும் தொடரைத் தேடுக. அத்தொடர் முதலில் வருமிடத்திற்குச் சற்று மேலேயுள்ள வரிகளில், எந்தப் படியில் எக்காரணத்தால் தடை நேர்ந்தது என்பது பெரும்பாலும் புலனாகும்.

ஆராயும் நெறி

இனி, எத்தகைய பிழைக்கும் பொருந்தும் நெறியினைத் தொகுத்துக் கூறுவாம்.

முதலாவது, செய்தியை மூடுமுன் முழுதும் படித்து, எண்ணோடு ஒரு தாளில் எழுதிக்கொள்க. கைப்பேசியாற் படமெடுத்தலும் தக்கதே. இரண்டாவது, பிழை எப்படியில் நேர்ந்தது என்று காண்க. பொதியை அவிழ்க்கும்போதே தவறின், இறக்கிய கோப்பு குறைபட்டதாதல் கூடும். சில வெளியீட்டாளர் தம் கோப்போடு எஸ்எச்ஏ-256 என்னும் சரிபார்ப்பு எண்ணையும் வெளியிடுவர். அது பதினாறடிமான முறையில் 64 இடங்களையுடையது. கோப்பில் ஓர் எழுத்து மாறினும் அவ்வெண் வேறாகிவிடும். நம் கோப்பிற்குக் கணித்த எண் அதனோடு ஒவ்வாவிடின் கோப்பை மீண்டும் இறக்குதல் வேண்டும்.

மூன்றாவது, முன்னர் நன்றாயிருந்த கணிப்பொறியில் அண்மையில் மாறியது யாது என்று வினவுக. நான்காவது, காரணம் இன்னதாகலாம் என்று ஒன்றைக் கருதி, அதற்குரிய மாற்றம் ஒன்றை மட்டும் செய்து, மீண்டும் முயன்று, விளைவைக் குறித்துக்கொள்க. பயன் தராத மாற்றத்தைப் பழைய நிலைக்கே திருப்பிவிட்டு அடுத்ததைத் தொடங்குக. வேதியியல் ஆய்வுக்கூடத்தில் இரு பொருள்களை ஒருங்கே மாற்றி விளைவைக் கணிப்பாரில்லை. வீட்டிலும் அவ்வொழுக்கமே வேண்டற்பாலது. ஐந்தாவது, பெரிய மாற்றம் எதனையும் செய்யுமுன் நம் கோப்புகளுக்கு வேறு தட்டில் ஒரு படி எடுத்துவைக்க. இவ்வைந்தனுள் ஒன்றையே கடைப்பிடிக்க இயலுமென்பார் இவ்விறுதியானதைக் கடைப்பிடிப்பாராக.

தவிர்க்க வேண்டுவன

துணைக்கோப்பொன்று காணப்படவில்லை என்று செய்தி வருமாயின், அக்கோப்பின் பெயரைத் தேடி, அறியாதார் தளத்திலிருந்து அதனை மட்டும் இறக்கி இடுதல் பலர் செய்யும் தவறு. அக்கோப்பினுள் யாது உளதென்று நாம் அறியோம். அது விஷுவல் சி பிளஸ் பிளஸ் துணைத்தொகுதியைச் சார்ந்ததாயின், மைக்ரோசாப்ட் தானே வழங்கும் தொகுதி முழுவதையும் நிறுவுதலே முறை. பிழையெண்ணைத் தேடுவோர்க்கு, ஒரே நொடியிற் சீர்செய்வோம் என்று விளம்பரம் செய்யும் மென்பொருள்களும், அழைக்கச் சொல்லும் தொலைபேசி எண்களும் எதிர்ப்படும். அவற்றுள் வஞ்சகம் மிகுதி. அவற்றை நாடாதிருத்தல் நன்று.

அனுமதி மறுக்கப்பட்டது என்னுமிடத்து, அட்மினிஸ்ட்ரேட்டர் என்னும் நிர்வாகியின் உரிமையோடு நிறுவியை இயக்குதல் உரிய தீர்வாதல் கூடும். ஆனால் அவ்வுரிமையைத் தருதல் வீட்டின் சாவிக்கொத்தைத் தருதலை ஒக்கும். வெளியீட்டாளர் இன்னாரென்று தெரிந்து, கோப்பின் டிஜிட்டல் கையொப்பத்தையும் நோக்கிய பின்னரே அதனைச் செய்தல் வேண்டும். விலை கொடாது பெற்ற திருட்டுப் படிகளுக்காக வைரஸ் தடுப்பை நிறுத்துவோர், கள்வனுக்குக் கதவைத் திறந்துவிட்டுக் காவலனையும் வெளியேற்றியவராவர்.

முடிவுரை

1947 செப்டம்பர் 9ஆம் நாள், அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் மார்க் 2 என்னும் கணிப்பொறியின் பழுதை ஆராய்ந்தோர், அதன் உறுப்பொன்றனுள் விட்டிற்பூச்சியொன்று சிக்கியிருக்கக் கண்டனர். அவர்கள் அதனை எடுத்தெறிந்துவிட்டு மறக்கவில்லை. குறிப்பேட்டில் நேரத்தோடு எழுதி, பூச்சியையும் அப்பக்கத்திலேயே ஒட்டிவைத்தனர். அவ்வேடு இன்றும் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்திற் பாதுகாக்கப்பட்டு வருகிறது. கண்டதைக் கண்டவாறு பதிதல் என்னும் அவ்வழக்கமே நாம் அவர்பாற் கற்றற்குரியது.

மேலே கூறிய மாணவர் பின்னர்த் தம் இரண்டு இயல்களையும் நினைவிலிருந்து மீண்டும் எழுதி, ஆய்வேட்டைக் காலந்தாழ்த்தேனும் முடித்தார். நிழற்படங்கள் மீளவில்லை. இப்பொழுது அவர் மேசைமேல் சிறு குறிப்பேடொன்று உளது. நண்பர் எவரேனும் கணிப்பொறி பழுதென்று வரின், அவர் முதலில் வினவுவது, ‘அது கூறிய எண் யாது?’ என்பதே. அடுத்து வினவுவது, ‘உம் கோப்புகளுக்கு வேறு படி உளதா?’ என்பது. இவ்விரு வினாக்களையும் நம் மாணவர் ஒவ்வொருவரும் இழப்பு நேருமுன்னரே தம்மைத் தாமே வினவிக்கொள்வாராக.