பங்குனிக் கடலில் களவா: பொய்யிரை இழுப்போருக்கு

வாடை ஓய்ந்துவிட்டது. தூத்துக்குடியிலிருந்து மணப்பாடு வரை விடியற்காலைக் கடல் அசைவில்லாமல் கிடக்கிறது. மழைக்காலக் கலங்கல் அடியில் படிந்து நீர் தெளிந்திருக்கிறது. வைகாசியில் சோழகக் காற்று ஊன்றும்வரைதான் இந்தத் தெளிவு. ஓடும் படகின் பின்னால் பொய்யிரையை இழுத்துக் களவா பிடிக்க நினைப்பவர்கள் இந்த வாரங்களைத் தவறவிட வேண்டாம். களவா கண்ணால் பார்த்துப் பாயும் மீன். கலங்கிய நீரில் உயிரிரையின் வாடையும் துடிப்பும் அதை வரவழைக்கும். மரத்திலும் பிளாஸ்டிக்கிலும் செய்த லூரை அது பார்த்தால்தான் உண்டு.

நம் கரையில் களவாவுக்கு நங்கூரமிட்டு, சாளையோ கணவாயோ கோத்து, கயிற்றைத் தொங்கவிடுவதே வழக்கம். இழுத்துப் பிடிப்பது வஞ்சிரத்துக்கும் சூரைக்கும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அந்த மீன்களுக்குப் பழகிய வேகத்தில், அதே மேல்நீரில் லூரை இழுத்தால் களவா அடிக்காது. அது தன் பொந்தைவிட்டு வெகுதூரம் துரத்தி வராது. கடலடிக் கல்திட்டான பாரின் விளிம்பில் ஒளிந்திருந்து, தலைக்கு மேல் கடப்பதை ஒரே பாய்ச்சலில் கவ்வித் திரும்பிவிடும். ஆகவே லூர் அதன் வாசலைக் கடக்க வேண்டும். மெதுவாகக் கடக்க வேண்டும். இந்த இரண்டும் அமைந்தால் லூரின் நிறத்தைப் பற்றிய வாதங்கள் பெரிதாகத் தேவைப்படாது.

முதலில் இடம். ஒருகாலத்தில் முத்துக்குளிப்புக்குப் பேர்போன பார்கள் 12 முதல் 25 மீட்டர் ஆழத்தில் கிடக்கின்றன. கடைசியாக 1961இல் அங்கே முத்துக்குளிப்பு நடந்தது. பார்கள் அப்படியே இருக்கின்றன. லூர் இழுக்க ஏற்றவை அவற்றில் ஆழம் குறைந்தவை, 6 முதல் 9 பாகம் (ஒரு பாகம் ஆறடி) வரை உள்ளவை. அதற்கு மேல் ஆழமென்றால் லூரைக் கீழே கொண்டுபோகத் தனி ஈயமும் பலகையும் தேவைப்படும். தொடங்குபவர்கள் அதில் இறங்க வேண்டாம். கரையடையாளம் வைத்துக் கணியம் பார்க்கத் தெரிந்த பெரியவர் படகில் இருந்தால் அவர் சொல்வதைக் கேளுங்கள். ஜிபிஎஸ் புள்ளி பாரின் நடுவைத்தான் காட்டும். களவா இருப்பது விளிம்பில், கல் முடிந்து மணல் தொடங்கும் கோட்டில். அந்தக் கோட்டை ஒட்டி வளைந்து வளைந்து ஓட்டுங்கள்.

அதிகாலையே நல்ல நேரம். உச்சிக்குப் பிறகு கடற்காற்று எழுந்தால் படகின் வேகம் கையில் நிற்காது. அட்டமி, நவமியை ஒட்டிய நாள்களில் நீவாடு, அதாவது நீரோட்டம், மெலிந்திருக்கும். லூர் போட்ட தடத்தில் ஓடும்.

இனி லூர். முகத்தில் நீண்ட தகடு உள்ள, ஆழம் பாயும் வகை வேண்டும். ராபாலாவின் எக்ஸ்ராப் மேக்னம் வரிசையில் 15, 20, 30 என்று இருக்கும் எண்கள் அது ஏறத்தாழ எத்தனை அடி ஆழம் போகும் என்பதைக் குறிக்கின்றன. 7 பாகம் என்பது 42 அடி. அங்கே 30 அடி போகும் லூர் கல்லுக்குப் பன்னிரண்டு அடி மேலே ஓடும். களவா ஏறி வந்து அடிக்க அந்த இடைவெளி போதும். நூல் தடித்தால் நீர் அதைத் தூக்கும், லூர் ஆழம் போகாது. அதனால் மெல்லிய பின்னல் நூலும், கல்லில் உரசும் கடைசி இரண்டு பாகத்துக்கு மட்டும் கனமான தங்கூசியும் கட்டுங்கள். கூடவே வரும் மும்முனை முட்களைக் கழற்றிவிட்டு ஒற்றை முள் மாட்டுவது நல்லது. கல்லில் சிக்குவது குறையும். திருப்பி விடவேண்டிய மீனின் வாயும் கிழியாது.

மிதக்கும் லூரா, மூழ்கும் லூரா என்பதை வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். பாரின் மேல் இழுக்க மிதக்கும் வகையே வேண்டும். தகடு கல்லில் தட்டுவது கோல் நுனியில் தெரிந்ததும் எஞ்சினைத் தணித்தால் அது தானே மேலெழும். மூழ்கும் வகை அதே நொடியில் கீழே போய் இடுக்கில் மாட்டிக்கொள்ளும். நிறத்துக்கு ஒரு வரி போதும்: தெளிந்த நீரில் சாளையைப் போன்ற நீலவெள்ளி, வெளிச்சம் வராத நேரத்தில் சிவப்புத் தலையும் வெள்ளை உடலும்.

வேகம் 3 முதல் 4 நாட், மணிக்கு ஆறு ஏழு கிலோமீட்டர். வெளிப்பொருத்து எஞ்சினை மிகக் குறைவில் வைத்தால் பெரும்பாலான வள்ளங்கள் இந்த அளவில் போகும். லூரை நாற்பது ஐம்பது மீட்டர் பின்னால் விடுங்கள். அது சரியாக ஓடும்போது கோல் நுனி இடைவிடாமல் துடிக்கும். துடிப்பு நின்றால் பாசி சிக்கியிருக்கிறது. உடனே இழுத்துச் சுத்தம் செய்யுங்கள். பாசி சுற்றிய லூரை மணிக்கணக்கில் இழுத்துவிட்டுக் கடலில் மீன் இல்லை என்று திரும்புகிறவர்கள் உண்டு.

களவா அடித்த முதல் சில நொடிகளில்தான் எல்லாம் இருக்கிறது. வஞ்சிரம் அடித்தால் எஞ்சினைத் தணிப்பது வழக்கம். களவாவுக்கு அப்படிச் செய்தால் அது பொந்துக்குள் போய்ச் செவுளை விரித்து இறுக்கிக்கொள்ளும். படகை அதே வேகத்தில் ஓடவிட்டு, கல்லைவிட்டு மணல் பக்கம் திருப்புங்கள். ரீலின் பிடியை முன்பே இறுக்கி வைத்திருக்க வேண்டும். வெறுங்கயிறு பிடிப்பவர்கள் கையுறை இல்லாமல் இறங்க வேண்டாம். கயிற்றை ஒருபோதும் கையில் சுற்றிக்கொள்ள வேண்டாம். அடியிலிருந்து மூன்று நான்கு பாகம் தூக்கிவிட்டால் அதன் வலு குறையத் தொடங்கும். பொந்துக்குள் போய்விட்டதா? இழுத்து அறுக்காமல், படகை நிறுத்தி நூலை முழுதாகத் தளர்த்திச் சில நிமிடம் காத்திருங்கள். இழுவை போய்விட்டதென்று பல நேரம் அது தானே வெளியே வரும்.

எதை வீட்டுக்குக் கொண்டுபோவது என்பதைத்தான் இந்தக் குறிப்பில் நான் மிகவும் வற்புறுத்த விரும்புகிறேன். களவா முதலில் பெண்ணாக முதிர்கிறது. ஆண்டுகள் கழித்துத்தான் ஆணாக மாறுகிறது. நம் கடலில் அதிகம் காணும் ஆரஞ்சுப் புள்ளிக் களவாவில் இந்த மாற்றம் 55 முதல் 75 சென்டிமீட்டர் நீளத்துக்குள் நடக்கிறது. ஒரு பாரில் உள்ள பெரிய மீன்களையெல்லாம் எடுத்துவிட்டால் எடுத்தது அந்தப் பாரின் ஆண்களை. மிஞ்சும் பெண் மீன்களின் முட்டைக்குத் துணை இருக்காது. கடலையே நம்பிப் பிழைப்பவரிடம் பத்துக் கிலோ மீனை விட்டுவிடுங்கள் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. பொழுதுபோக்குக்காகக் கோல் தூக்கி வருபவர்களிடம் கட்டாயம் சொல்வேன்: 45 சென்டிமீட்டருக்குக் கீழும் 70க்கு மேலும் உள்ளதை விடுங்கள். ஒரு பாரில் இரண்டு மூன்று மீன் கிடைத்ததும் அடுத்த பாருக்குப் போங்கள்.

விடுவதிலும் முறை வேண்டும். 20 மீட்டர் ஆழத்தில் உள்ள அழுத்தம் மேற்பரப்பில் இருப்பதைப்போல மூன்று மடங்கு. மேலே வரவர மீனின் காற்றுப்பை அதே அளவில் உப்பி, இரைப்பையை வாய்வழியே வெளியே தள்ளும். அப்படியே தூக்கிப் போட்டால் அது வயிறு மேலாக மிதந்து செத்துப்போகும். வெளியே தள்ளிய பையைக் குத்த வேண்டாம். அது இரைப்பை, காற்றுப்பை அல்ல. ஒன்றரைக் கிலோ ஈயக்குண்டில், மடல் தேய்த்த பெரிய முள் ஒன்றை நுனி கீழ்நோக்க இறுக்கிக் கட்டுங்கள். அதைக் கீழுதட்டில் மாட்டி, மீனோடு சேர்த்து அடிவரை இறக்கி, கயிற்றைச் சுண்டினால் முள் கழன்றுவிடும். ஆழத்தின் அழுத்தத்தில் காற்றுப்பை சுருங்கி மீன் நீந்திப் போகும். இந்தக் குண்டைக் கட்டிக்கொள்ளாமல் களவாவுக்குப் புறப்படாதீர்கள். வைத்துக்கொள்ளும் மீனை உடனே செவுளடியில் அறுத்து, ரத்தம் வடித்து, ஐஸும் கடல்நீரும் கலந்த பெட்டியில் போடுங்கள்.

ஆள் நீளத்துக்குப் பருத்த ராட்சதக் களவா சிக்கினால் நூலை வெட்டி விட்டுவிடுங்கள். 2001இல் அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் இடையிலுள்ள 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் தேசியப் பூங்கா. அங்கே லூர் போடக் கூடாது. வெளியே போகப் போக இலங்கை எல்லைக்கோடு எங்கே என்பதையும் பார்த்துக்கொண்டே இருங்கள்.

கன்னியாகுமரிப் பக்கம் கடலேறுபவர்கள் இந்த மாதங்களில் கள்ளக்கடலுக்கு அஞ்ச வேண்டும். தெற்கே வெகுதூரத்தில் எழுந்த அலை, இங்கே காற்றே இல்லாத நாளில் கரையில் ஏறி அடிக்கும். பாரின் மேல் நிற்கும்போது ஒன்றும் தெரியாது. கரையணையும்போதுதான் படகு கவிழும். புறப்படுவதற்கு முன் இந்தியக் கடல்சார் தகவல் மையமான இன்காய்ஸின் எச்சரிக்கையைப் பாருங்கள். சிவப்பு அறிவிப்பு இருந்தால் போக வேண்டாம். உயிர்காப்புச் சட்டை அணிந்திருங்கள். கடலோரக் காவல்படை 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093 என்ற எண்களைப் படகில் எழுதி ஒட்டுங்கள்.

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். குமரியின் மேற்குக் கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. கிழக்குக் கரையில் விசைப்படகில் இடம்பிடித்துப் போகிறவர்களுக்குப் பங்குனி முடியும்வரைதான் வாய்ப்பு. நாட்டுப் படகுகள் சித்திரையிலும் போகலாம். சோழகம் ஊன்றி நீர் கலங்கியதும் லூர்களை நல்ல தண்ணீரில் கழுவி, துருப்பிடித்த முட்களை மாற்றி எடுத்து வையுங்கள். அதன்பிறகு களவாவுக்குத் தொங்குகயிறும் உயிரிரையும்தான்.