ரெண்டு தடவை எழுதினால் எந்த மார்க் கணக்கு?

இன்ஜினியரிங் முடிக்கிற நேரத்தில் "லா படிக்கலாமா?" என்று யோசிக்கிறவர்கள் ஒவ்வொரு பேட்ச்சிலும் ரெண்டு மூணு பேராவது இருப்பார்கள். வீட்டில் ப்ளஸ் டூ படிக்கிற தம்பி தங்கைக்காக விசாரிக்கிறவர்களும் உண்டு. அவர்களுக்கு எல்லாம் வருகிற ஒரு சந்தேகத்தை இந்த இதழில் எடுத்துக்கொள்வோம். முதல் தடவை மார்க் குறைந்து, மறுபடியும் நுழைவுத் தேர்வு எழுதினால், காலேஜ் எந்த மார்க்கைப் பார்க்கும்?

முதலில் நமக்குப் பழகின தேர்வுகள். ஜேஇஇ மெயின் 2019-லிருந்து வருஷத்துக்கு ஒரு தடவைக்கு மேல் நடக்கிறது. ரெண்டும் எழுதினால் அதிகமான ஸ்கோர் எதுவோ அதை வைத்துத்தான் ரேங்க். கேட் ஸ்கோர் மூன்று வருஷம் செல்லும், அதற்குள் மறுபடி எழுதி நல்லதைக் காட்டலாம். இதே பழக்கத்தில் சட்டப் படிப்புக்கும் 'பெஸ்ட் ஆஃப் டூ' இருக்கும்னு நினைச்சுக்கிறோம். அங்கே கதை வேறு.

நவலூர்குட்டப்பட்டு கணக்கு

திருச்சியில் சட்டம் படிக்க முக்கியமாக ரெண்டு இடம். ஒன்று அரசு சட்டக் கல்லூரி. அங்கே சேர நுழைவுத் தேர்வே கிடையாது. ஐந்து வருஷப் படிப்புக்கு ப்ளஸ் டூ மார்க், மூன்று வருஷப் படிப்புக்கு டிகிரி மார்க், அவ்வளவுதான். இன்னொன்று தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகம். முகவரியில் ஸ்ரீரங்கம் தாலுகா என்று இருப்பதைப் பார்த்து ராஜகோபுரம் பக்கம் தேடாதீங்க. காவிரியைத் தாண்டி, டவுனையும் தாண்டி, திண்டுக்கல் ரோட்டில் நவலூர்குட்டப்பட்டில் இருக்கிறது. அங்கே ஐந்து வருஷப் படிப்பில் சேர கிளாட் எழுத வேண்டும்.

கிளாட் விதி ரொம்ப எளிமை. ஒரு சேர்க்கை ஆண்டுக்கு ஒரே ஒரு தேர்வு. 120 கேள்வி, 2 மணி நேரம், தப்பான ஒவ்வொரு பதிலுக்கும் 0.25 போகும். அந்த மார்க் அந்த வருஷச் சேர்க்கைக்கு மட்டும்தான். அடுத்த வருஷம் எழுதினால் பழைய மார்க்கோடு சேர்த்து சராசரி எடுப்பதில்லை, ரெண்டில் பெரியதைப் பார்ப்பதும் இல்லை.

இதற்கு நல்ல உதாரணம் 2022. அந்த ஒரே காலண்டர் வருஷத்தில் கிளாட் ரெண்டு தடவை நடந்தது, ஜூன் 19-லும் டிசம்பர் 18-லும். நடுவில் ஆறு மாதம்தான். ஆனாலும் ஜூன் தேர்வு 2022 சேர்க்கைக்கு, டிசம்பர் தேர்வு 2023 சேர்க்கைக்கு. ஜூனில் நல்ல மார்க் வாங்கியவர் அதை 2023-க்குக் கொண்டுபோக முடியாது.

அமெரிக்காவில் எப்படி?

அங்கே சட்டப் பள்ளிகளுக்கு எல்சாட் என்ற தேர்வு. மதிப்பெண் 120-லிருந்து 180 வரை. வருஷத்தில் பல தடவை நடக்கும். ஐந்து வருஷத்துக்குள் ஐந்து தடவை, வாழ்நாளில் ஏழு தடவை வரை எழுதலாம்.

2006 வரை பல காலேஜ்கள் எல்லா ஸ்கோருக்கும் சராசரி எடுத்துத்தான் பார்த்தன. காரணம், அமெரிக்க பார் அசோசியேஷன் அவர்களிடம் கேட்ட புள்ளிவிவரத்தில் சராசரியைத்தான் காட்ட வேண்டியிருந்தது. 2006-ல் அது 'அதிகமான ஸ்கோரைக் காட்டு' என்று மாறியது. காலேஜ் ரேங்கிங் அந்தப் புள்ளிவிவரத்தை நம்பி இருப்பதால், காலேஜ்களின் பார்வையும் பெரிய ஸ்கோர் பக்கம் திரும்பியது. ஆனால் ஒன்று, ரிப்போர்ட்டில் பழைய ஸ்கோர்களும் கூடவே போகும். ரெண்டுக்கும் நடுவில் பெரிய இடைவெளி இருந்தால் விண்ணப்பத்தில் காரணம் எழுதுவது அங்கே வழக்கம்.

கொஞ்சம் ப்ராபபிலிட்டி

எது நியாயம்? நாம் படித்த கணக்கையே போட்டுப் பார்க்கலாம். ஒரே ஆள், ஒரே தயாரிப்போடு ரெண்டு நாள் எழுதினால் ஒரே மார்க் வராது. சிக்னலில் நாய்ஸ் மாதிரி இது. எல்சாட்டில் இந்த நாய்ஸின் ஸ்டாண்டர்ட் டீவியேஷன் சுமார் 2.6 பாயிண்ட். அது நார்மல் டிஸ்ட்ரிபியூஷன் என்று வைத்துக்கொண்டால், ரெண்டு தடவை எழுதி பெரியதை எடுக்கிறவருக்கு, புதிதாக ஒரு பக்கம்கூடப் படிக்காமல், சராசரியாக 1.5 பாயிண்ட் கூடும். மூன்று தடவை என்றால் 2.2. ஒவ்வொரு தடவைக்கும் ஃபீஸ் 200 டாலருக்கு மேல். ஆக, காசு இருக்கிறவருக்குக் கொஞ்சம் பாயிண்ட் சும்மா கிடைக்கிறது.

சராசரி எடுத்தால் இந்த லாபம் இல்லை. நாய்ஸும் 2.6-லிருந்து 1.8 ஆகக் குறையும். ஆனால் முதல் தடவை காய்ச்சலோடு எழுதியவரை அந்த ஒரு நாள் விடாமல் துரத்தும்.

கிளாட் மாதிரி ஒரே தேர்வு என்றால் எல்லாருக்கும் ஒரே வாய்ப்பு, பார்க்க சமமாகத்தான் தெரிகிறது. உண்மையில் நாய்ஸ் முழுசாக அப்படியே இருக்கும். அன்றைக்குச் சொதப்பினால் இன்னொரு வாய்ப்புக்கு ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும். அந்த ஒரு வருஷத்தைத் தாங்குகிற குடும்பத்துக்குத்தான் ரெண்டாவது வாய்ப்பு. அங்கே பணம், இங்கே பணத்தோடு ஒரு வருஷமும்.

வீட்டுக் கேள்வி

ஸ்ரீரங்கத்தில் இருக்கிற என் சித்தி பெண் கிளாட் எழுதினாள், ரேங்க் பத்தவில்லை. "அண்ணா, இந்த மார்க் ரெக்கார்டுல இருக்குமா? அடுத்த தடவை இதைப் பாத்துட்டு வேண்டாம்னு சொல்லிடுவாங்களா?" என்று கேட்டாள். இதற்குப் பதில் சுலபம்: மாட்டார்கள். சேர்க்கை ரேங்க்கை வைத்து மட்டும்தான், ரேங்க் அந்த வருஷ மார்க்கை வைத்து மட்டும்தான். எத்தனையாவது தடவை என்று யாரும் கேட்பதில்லை. ரெண்டு பேருக்கு ஒரே மார்க் வந்தால் முதலில் சட்டப் பகுதி மார்க், அதுவும் சமமானால் வயது கூடினவர் முன்னால், அதற்கப்புறம் குலுக்கல். வயது இங்கே குறையே இல்லை.

சித்தப்பா கேட்டதுதான் கஷ்டமான கேள்வி. "அப்போ ஒரு வருஷம் வீட்லயே உக்காரணுமா?" உட்கார வேண்டியதில்லை. ஏதாவது ஒரு டிகிரியில், இல்லை ப்ளஸ் டூ மார்க்கில் இடம் கிடைத்தால் அரசு சட்டக் கல்லூரியிலேயே சேர்ந்துகொண்டு கிளாட்டை மறுபடி எழுதலாம். கிடைத்தால் மாறலாம், கிடைக்காவிட்டால் படிப்பு ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் மாறும்போது முதல் வருஷத்திலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும், நடுவில் நுழைய பார் கவுன்சில் விதி இடம் தராது. கட்டின ஃபீஸும் போன மாதங்களும் போனதுதான், அதை வீட்டில் முன்னாடியே சொல்லிவிடுங்க.

நம்ம ஆட்களுக்கும் இதே கணக்குதான். கிளாட்டுக்கு வயது உச்சவரம்பு இல்லை, பி.இ. முடித்தவரும் எழுதலாம். ஆனால் அது இன்னும் ஐந்து வருஷம். டிகிரி மார்க்கை வைத்து மூன்று வருஷ எல்எல்பி என்ற வழியும் இதே ஊரில் இருக்கிறது. அதனால் கிளாட்டுக்கு 4,000 ரூபாய் (எஸ்சி, எஸ்டிக்கு 3,500) கட்டுவதற்கு முன்னால், உங்கள் செமஸ்டர் மார்க் ஷீட்டை ஒரு தடவை எடுத்துப் பாருங்க. அந்த மார்க்கிலேயே இடம் கிடைக்கும் என்றால், எந்த ஸ்கோர் கணக்கு என்ற கவலையே உங்களுக்கு இல்லை.