பிளாஸ்டிக் ஒளி தருமா? ஓ.எல்.இ.டி. திரையின் கதை

புதிதாக மானிட்டர் வாங்கக் கடைக்குப் போனால் எல்.இ.டி., ஓ.எல்.இ.டி. என்று இரண்டு பெயர்கள் காதில் விழும். ஓர் எழுத்துதானே கூடுதல் என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டும் வெவ்வேறு தொழில்நுட்பங்கள். விலையிலும் நல்ல வித்தியாசம் உண்டு. அந்த 'ஓ' என்பது 'ஆர்கானிக்' என்பதைக் குறிக்கிறது. அதாவது, பிளாஸ்டிக்கைப் போலவே கார்பனை அடிப்படையாகக் கொண்ட பொருட்கள். அவை எப்படி ஒளி தருகின்றன, அப்படிப்பட்ட திரையை வாங்கினால் எதைக் கவனிக்க வேண்டும் என்று பார்க்கலாம்.

பிளாஸ்டிக்கில் மின்சாரம்

பிளாஸ்டிக் மின்சாரத்தைக் கடத்தாது. அதனால்தான் ஒயருக்கு உறையாகப் போடுகிறோம். பாலிதீன் பையில் கார்பன் அணுக்கள் சங்கிலிபோல் ஒற்றைப் பிணைப்புகளால் கோக்கப்பட்டிருக்கும். எலக்ட்ரான்கள் அந்தந்த இடத்திலேயே கட்டுண்டு கிடக்கும்.

வேறு சில பாலிமர்களில் ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறி மாறி வரும். இவற்றுக்குக் கான்ஜுகேட்டட் பாலிமர் என்று பெயர். இவற்றில் சில எலக்ட்ரான்கள் ஓரிடத்தில் நிற்காமல் சங்கிலி நெடுகப் பரவியிருக்கும். ஆனால் அது மட்டும் போதாது.

கட்டட வேலையில் ஆட்கள் வரிசையாக நின்று செங்கல்லைக் கைமாற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். எல்லோர் கையிலும் செங்கல் இருந்தால் எதுவும் நகராது. ஒருவரிடமிருந்து ஒரு கல்லை எடுத்துவிட்டால், பக்கத்தில் இருப்பவர் தன் கல்லை அவரிடம் தரலாம். இப்படியே அந்தக் காலி இடம் வரிசை முழுக்க நகரும். பாலிமரிலிருந்து எலக்ட்ரானைப் பறித்துக் காலி இடத்தை உண்டாக்குவதும் இதே வழிதான்.

1967-இல் டோக்கியோவில் ஹிடேகி ஷிரகாவாவின் ஆய்வுக்கூடத்தில் வினையூக்கி தவறுதலாக ஏறக்குறைய ஆயிரம் மடங்கு அதிகமாகச் சேர்ந்துவிட்டது. விளைவு, வெள்ளிபோல் மின்னும் பாலிஅசிட்டிலின் படலம்! பிறகு அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஆலன் மெக்டயர்மிட், ஆலன் ஹீகர் ஆகியோருடன் சேர்ந்து அந்தப் பாலிமரில் அயோடினைச் செலுத்தினார். கடத்துதிறன் ஒரு கோடி மடங்கு உயர்ந்தது. 1977-இல் வெளியான இந்த ஆய்வுக்காக மூவருக்கும் 2000-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

கேம்பிரிட்ஜில் தெரிந்த வெளிச்சம்

1989-இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஜெரமி பரோஸ், ரிச்சர்ட் ஃப்ரெண்ட் உள்ளிட்டோர் பி.பி.வி. என்ற கான்ஜுகேட்டட் பாலிமரை ஆராய்ந்தார்கள். மெல்லிய படலத்தை இரண்டு மின்முனைகளுக்கு நடுவே வைத்து மின்சாரம் செலுத்தியபோது மஞ்சள் கலந்த பச்சை ஒளி தெரிந்தது.

காரணம் இதுதான். ஒரு பக்கத்திலிருந்து எலக்ட்ரானும், மறுபக்கத்திலிருந்து மேலே சொன்ன காலி இடமும் படலத்துக்குள் வருகின்றன. இரண்டும் சந்திக்கும்போது மிஞ்சும் ஆற்றல் ஒளியாக வெளிப்படுகிறது. மூலக்கூறின் அமைப்பை மாற்றினால் ஒளியின் நிறமும் மாறும்.

பாலிமரைக் கரைத்து இங்க்ஜெட் பிரிண்டர்போல அச்சிடலாம் என்பதால் மலிவான திரைகள் வரும் என்று எதிர்பார்த்தார்கள். ஆனால் சந்தையில் முந்தியது வேறொரு வகை. 1987-இல் கோடாக் நிறுவனத்தின் சிங் டாங், ஸ்டீவன் வான் ஸ்லைக் இருவரும் அறிவித்த சிறு மூலக்கூறு முறை அது. இன்றைய செல்போன், மானிட்டர்களில் உள்ள ஓ.எல்.இ.டி. திரைகளில் பெரும்பாலானவை வெற்றிடத்தில் ஆவியாக்கிப் படியவைக்கும் அந்தச் சிறு மூலக்கூறுகளால் ஆனவையே. அவற்றிலும் பிணைப்புகள் மாறி மாறி வரும். ஒளி பிறக்கும் விதமும் ஒன்றுதான்.

வாங்கும் முன்

எல்.இ.டி. மானிட்டர் என்று கடையில் விற்பது பெரும்பாலும் எல்.சி.டி. திரைதான். அதன் பின்னால் இருக்கும் விளக்குதான் எல்.இ.டி. ஓ.எல்.இ.டி.யில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும். கறுப்பு வேண்டுமானால் அந்தப் புள்ளி அணைந்துவிடும். அதனால்தான் படம் அத்தனை துல்லியம்.

ஆனால் ஒளிர ஒளிர இந்தக் கார்பன் பொருட்கள் மெல்லத் தேயும். குறிப்பாக நீல நிறம் தருபவை. ஒரே ஐகான் நாள் முழுக்க ஒரே இடத்தில் நின்றால் அந்த இடத்துப் புள்ளிகள் மற்றவற்றைவிட அதிகமாகத் தேய்ந்து, நிழல்போல் தடம் விழலாம். இதை 'பர்ன்-இன்' என்கிறார்கள். தவிர்க்கும் வழிகள்:

1. பிரைட்னெஸ்ஸைத் தேவைக்கு மேல் வைக்காதீர்கள்.

2. விண்டோஸ் 11-இல் டாஸ்க்பாரில் ரைட் கிளிக் செய்து, டாஸ்க்பார் செட்டிங்ஸில் டாஸ்க்பார் பிஹேவியர்ஸ் பகுதியைத் திறந்து, தானாக மறையும்படி அமையுங்கள்.

3. சில நிமிடங்கள் பயன்படுத்தாவிட்டால் திரை அணையும்படி பவர் செட்டிங்ஸில் நேரத்தைக் குறியுங்கள்.

4. மானிட்டரை அணைத்தவுடன் சுவர் சுவிட்சையும் அணைக்காதீர்கள். பல மாடல்கள் ஸ்டாண்ட்பையில் இருக்கும்போதுதான் திரையைச் சரிசெய்துகொள்ளும்.

5. பர்ன்-இன் வாரண்டியில் அடங்குமா, எத்தனை ஆண்டுகளுக்கு என்று பில் போடும் முன்பே கேளுங்கள்.

நாள் முழுக்க எக்ஸெல், டைப்பிங் என்று ஒரே மாதிரி வேலையா? எல்.சி.டி. போதும், பணமும் மிச்சம். சினிமாவும் கேமும்தான் முக்கியம் என்றால் ஓ.எல்.இ.டி.யைத் தாராளமாகப் பரிசீலிக்கலாம்.