பழைய மகிழுந்தின் பாதுகாப்பான பயணம்

மலேசியச் சாலைகளின் வரலாற்றைப் பழைய மகிழுந்துகளும் சொல்கின்றன. 1948ஆம் ஆண்டு இங்கிலாந்தில் அறிமுகமான மோரிஸ் மைனர், 1967இல் ஷா ஆலாமில் தொடங்கிய தொழிற்சாலையில் பொருத்தப்பட்ட வோல்வோ, 1985ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள் வெளிவந்த புரோட்டோன் சாகா ஆகியவை அவற்றுள் சில. முதல் புரோட்டோன் சாகா கோலாலம்பூர் தேசிய அருங்காட்சியகத்தில் இடம்பெற்றுள்ளது. கிள்ளான் பள்ளத்தாக்கில் இத்தகைய மகிழுந்துகளைக் கண்போல் பேணுவோர் இன்றும் உள்ளனர்.

இம்மகிழுந்துகளைக் கிள்ளானிலிருந்து பினாங்கு வரை நெடுஞ்சாலையில் ஓட்டிச் செல்வது எளிதன்று. பழைய இயந்திரம் விரைவில் சூடேறும். நிறுத்தக் கருவியும் இக்கால வண்டிகளுக்கு ஈடாகாது. ஆகவே, டிரெய்லர் எனப்படும் இழுவண்டியில் ஏற்றிச் செல்வதைப் பலர் விரும்புகின்றனர். ஆனால், ஏற்றிய மகிழுந்து சரியாகக் கட்டப்படாவிட்டால் அதுவே ஆபத்தாக முடியும்.

ஓடும் பேருந்து திடீரென நின்றால், அதில் நிற்பவர் முன்னோக்கிச் சாய்கிறார். இயங்கும் பொருள் தொடர்ந்து இயங்கவே முனைவதை நிலைமம் என்பர். இழுவண்டியின் மேலுள்ள மகிழுந்துக்கும் இவ்விதி பொருந்தும். கடுமையாக நிறுத்தும்போது சுமையானது தன் எடையில் பத்தில் எட்டுப் பங்குக்கு ஈடான விசையுடன் முன்னோக்கித் தள்ளும் எனக் கணக்கிட்டே கட்டுவது வழக்கம். மோரிஸ் மைனரின் எடை ஏறத்தாழ 775 கிலோகிராம். அப்படியாயின், கட்டும் பட்டைகள் 620 கிலோகிராம் எடைக்கு ஈடான விசையைத் தாங்க வேண்டும். வளைவுகளில் பக்கவாட்டிலும் எடையில் பாதியளவு விசை தாக்கக்கூடும். கைநிறுத்தி மட்டும் இதனைத் தாங்காது.

முதலாவதாகக் கவனிக்க வேண்டியது மகிழுந்தை நிறுத்தும் இடம். இழுவண்டியின் மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு, இழுக்கும் வாகனத்தோடு இணையும் கொக்கியின்மீது அழுந்த வேண்டும். எடை பின்பக்கம் மிகுந்தால், வேகம் கூடும்போது இழுவண்டி வாலை ஆட்டுவதுபோல் இருபுறமும் அலையத் தொடங்கும். அவ்வாறு அலையும்போது ஓட்டுநரால் கட்டுப்படுத்துவது கடினம். மோரிஸ் மைனருக்கு இயந்திரம் முன்பக்கம் உள்ளது. வோக்ஸ்வாகன் பீட்டலுக்கோ பின்பக்கம் உள்ளது. எனவே, ஒன்றை நிறுத்திய அதே இடத்தில் மற்றொன்றையும் நிறுத்தினால் சமநிலை மாறிவிடும்.

அடுத்து, கட்டும் முறை. முன்புறம் இரண்டு, பின்புறம் இரண்டு என நான்கு பட்டைகளாவது தேவை. ஒவ்வொரு பட்டையிலும் தைக்கப்பட்டுள்ள சீட்டில் அது பாதுகாப்பாகத் தாங்கக்கூடிய சுமை குறிக்கப்பட்டிருக்கும். பட்டை அறுந்துபோகும் அளவை நம்பாமல், இந்த அளவையே கணக்கில் கொள்ள வேண்டும். வெயிலில் வெளுத்த பட்டையையும் ஓரம் பிரிந்த பட்டையையும் பயன்படுத்தக்கூடாது.

பட்டையை எங்கே மாட்டுவது என்பதும் முக்கியம். மகிழுந்தின் உடற்பகுதி வில்லின்மேல் அமர்ந்துள்ளது. உடற்பகுதியில் பட்டையைக் கட்டினால், மேடுபள்ளத்தில் வில் அமுங்கும். அப்போது பட்டை தளர்ந்து கொக்கி கழன்றுவிடலாம். சக்கரத்தைச் சுற்றிக் கட்டினாலோ, சக்கரம் அசையாமல் இருக்க, உடற்பகுதி இயல்பாக ஏறி இறங்கும். பழைய மகிழுந்தின் அடிப்பகுதியில் வண்ணப்பூச்சுக்குள் துரு மறைந்திருக்கக்கூடும் என்பதாலும் இம்முறை சிறந்தது. நிறுத்தக்குழாய், திசைதிருப்பும் தண்டு ஆகியவற்றில் ஒருபோதும் கொக்கியை மாட்டக்கூடாது. சக்கரங்களின் முன்னும் பின்னும் தடுப்புக்கட்டைகளை வைத்தல் கூடுதல் பாதுகாப்பாகும்.

புறப்பட்ட பின்னரும் பொறுப்பு முடிவதில்லை. ஓட்டத்தில் மகிழுந்து சற்று நகர்ந்து அமரும். இறுக்கமாக இருந்த பட்டையும் நெகிழும். கிள்ளானிலிருந்து வடக்கே செல்பவர் சுங்கை பூலோ ஓய்வுத்தளத்தில் நிறுத்தி எல்லாப் பட்டைகளையும் இழுத்துப் பார்ப்பது நல்லது. மீண்டும் தாப்பாவில் சோதிக்கலாம். ஈப்போவைக் கடந்ததும் மலைப்பாங்கான ஏற்ற இறக்கங்கள் வருவதால், இச்சோதனை இன்றியமையாதது. மழை பெய்தால் வேகத்தைக் குறைத்து, முன்செல்லும் வாகனத்திடமிருந்து கூடுதல் இடைவெளி விட வேண்டும்.

இவ்வளவு கவனமும் மகிழுந்தின் பளபளப்பைக் காக்க மட்டுமா? இழுவண்டியின் பின்னால் வேலைக்குச் செல்லும் மோட்டார் சைக்கிளோட்டி வரலாம்; குழந்தைகளை ஏற்றிய குடும்பம் வரலாம். பட்டையின் வலிமையோ கொக்கி மாட்டப்பட்ட விதமோ அவர்களுக்குத் தெரியாது. கட்டியவரை நம்பியே அவர்கள் பயணம் செய்கின்றனர். மகிழுந்தில் கீறல் விழுந்தால் வண்ணம் பூசிச் சரிசெய்துவிடலாம்; போன உயிரை மீட்க வழியில்லை. சுமையைக் கட்டும் ஒவ்வொரு முடிச்சும் முன்பின் அறியாத பலருக்கு நாம் அளிக்கும் உறுதிமொழியாகும்.