மருந்தின் நான்காம் கூறு

நுழையும்முன்

நோயும் இழப்பும் ஒரே வீட்டுக்குள் ஒரே காலத்தில் நுழைவதுண்டு. அவ்வேளையில் நண்பர் செய்யத்தக்கது யாது? வள்ளுவர் வாக்கையும் இன்றைய மருத்துவ அறிவையும் துணைக்கொண்டு இப்பாடம் அதனை ஆராய்கிறது.

நான்கு கூறுகள்

திருக்குறளின் 'மருந்து' அதிகாரம் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுக்கிறது. நோயுற்றவர், மருத்துவர், மருந்து ஆகிய மூன்றும் எவர்க்கும் எளிதில் தோன்றுவன. அருகிருந்து துணைசெய்பவரையும் அவற்றோடு ஒப்பவைத்து எண்ணியதில் வள்ளுவரின் நுட்பம் விளங்குகிறது. துணையிருத்தலை அவர் மருத்துவத்தின் ஒரு பகுதியாகவே கொண்டார்.

இழப்பில் பிறந்த தொண்டு

மருத்துவர் முத்துலட்சுமி (1886–1968) தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். அத்துயரம் அவர் உள்ளத்தில் உறுதியாக மாறியது. இந்திய மாதர் சங்கத்தின் துணையோடு 1954ஆம் ஆண்டு சென்னை அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை தொடங்கப்பட்டது. அப்போது அங்கிருந்த படுக்கைகள் 12. மறு ஆண்டு அங்குப் பணியேற்ற மருத்துவர் சாந்தா, 2021இல் மறையும்வரை அந்நிறுவனத்தோடே வாழ்ந்தார்.

சேத்தியாத்தோப்பிலிருந்து ஒரு பயணம்

வெள்ளாற்றங்கரையில், வீராணம் ஏரிக்கு அண்மையில் உள்ள ஊர் சேத்தியாத்தோப்பு. இங்குள்ள உழவுக் குடும்பமொன்றில் ஒருவர்க்குப் புற்றுநோய் வந்ததாகக் கொள்வோம். வடலூர், கடலூர் வழியே புதுச்சேரி ஜிப்மர் மண்டலப் புற்றுநோய் மையத்துக்கு அவர் செல்லவேண்டும். கதிர்வீச்சுச் சிகிச்சை பெரும்பாலும் வாரம் ஐந்து நாளாகப் பல வாரங்கள் நீளும். உடன் செல்பவர்க்கும் அன்றைய கூலி இல்லை. வீட்டில் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட ஆளில்லை. "ஏதேனும் உதவி வேண்டுமா?" என்று வினவினால், பிறர்க்குத் தொல்லை தர விரும்பாதவர் "வேண்டா" என்றே சொல்வர். "செவ்வாய்க்கிழமை நான் உடன் வருகிறேன்" என்பதே பயன்தரும் சொல். நோயுற்றவர் வகுப்புத் தோழராயின், பாடக்குறிப்புகளைப் படியெடுத்துத் தரலாம். அவர்தம் தம்பி தங்கையரைப் பள்ளிக்கு அழைத்துச் செல்லலாம்.

அறிந்து உதவுதல்

அறியாமை நண்பரையும் விலக்கிவிடும். புற்றுநோய் தொற்றுநோயன்று, உடனமர்ந்து உண்பதாலோ கைபற்றுவதாலோ பரவாது. கீமோதெரபி எனப்படும் வேதிச்சிகிச்சையின்போது குருதியின் வெள்ளணுக்கள் குறைவதால், பிறரிடமுள்ள கிருமிகளே நோயாளிக்குத் தீங்கு செய்யும். ஆகவே, கைகழுவிய பின்னரே அருகிற் செல்லவேண்டும். சளி, காய்ச்சல் உள்ளவர் செல்லலாகாது. நோயாளிக்குக் காய்ச்சல் கண்டால் தாமதமின்றி மருத்துவரிடம் தெரிவிக்கவேண்டும். அச்சிகிச்சையால் உதிரும் முடி பெரும்பாலும் மீண்டும் வளரும். யாரோ சொன்ன மருந்தை மருத்துவர் அறியாமல் கொடுத்தல் கூடாது.

பதினாறாம் நாளுக்குப் பின்

சிகிச்சைக் காலத்திலேயே நோயாளி தம் தாயையோ தந்தையையோ இழக்க நேரின் துயரம் இருமடங்காகும். இழவு வீட்டில் அடுப்பெரியாது. உறவினரும் அண்டை வீட்டாரும் சோறு கொண்டுவருவர். இது நம் முன்னோர் கண்ட நல்வழக்கம். ஆனால், கருமாதி முடிந்தபின் வீடு வெறுமையாகிறது. அடுத்த சிகிச்சை நாளோ நாட்காட்டியில் காத்திருக்கிறது. உண்மையான துணை அப்போதுதான் தேவைப்படுகிறது.

"அழாதே", "எல்லாம் விதி" என்னும் சொற்கள் துயருற்றவரின் வாயை அடைத்துவிடும். மறைந்தவரின் பெயரைச் சொல்லி அவரைப் பற்றிப் பேச இடங்கொடுத்தலும், பேசாதபோது உடனிருத்தலும் ஆறுதல் தரும். "வாழ விருப்பமில்லை", "இனிச் சிகிச்சை வேண்டா" என நண்பர் கூறின் அதனை மறைவாக வைத்தல் நட்பாகாது. பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ மருத்துவரிடமோ உடனே சொல்லவேண்டும். துணையிருப்பவர்க்கும் சோர்வு வரும். ஆதலின், நண்பர் பலர் முறைவைத்துப் பொறுப்பைப் பகிர்தல் நலம். முதல்நாள் கூட்டமாக வருவோர் பலர். நான்காம் மாதமும் மருந்துச்சீட்டோடு உடன் நடப்பவரே மருந்தின் நான்காம் கூறாவார்.

தெரிந்து தெளிவோம்

தமிழ்நாட்டில் தகுதியுள்ள குடும்பங்கள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின்கீழ்ப் புற்றுநோய்ச் சிகிச்சை பெறலாம். 104 என்னும் எண்ணில் அழைத்து மருத்துவ ஆலோசனை கேட்கலாம்.

கற்பவை கற்றபின்

நீண்டநாள் சிகிச்சைபெறும் ஒரு தோழருக்கு ஒரு மாதத்திற்கு உதவும் வகையில், வகுப்பினர் பொறுப்புகளைப் பகிர்ந்து அட்டவணை உருவாக்குக.

வினாக்கள்

1. மருத்துவத்தின் நான்கு கூறுகள் யாவை?
2. வேதிச்சிகிச்சை பெறுவோரைக் காணச் செல்வோர் கடைப்பிடிக்க வேண்டியன யாவை?
3. 'பதினாறாம் நாளுக்குப் பின்னரே உண்மையான துணை தேவைப்படுகிறது' – உம் ஊர் வழக்கங்களோடு ஒப்பிட்டு விளக்குக.